இயல்பூக்கம் யாருடைய சொத்து?

உடம்பை விடுதலை செய்யுங்கள், உள்ளே உறங்கிக்கிடக்கும் இயல்பூக்கம் தானே எழுந்து ஆடும், படைப்பு அதிலிருந்து பிறக்கும். நாடகப் பட்டறைகளிலும் உடல்மொழிப் பயிற்சி முகாம்களிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் பதுங்கியிருக்கிறது. சாதி, பால், வேலை, பள்ளிக்கூடம், போலீஸ் எதுவும் தொடாத ஓர் உடம்பு எல்லாருக்குள்ளும் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறதாம். சாவியைப் போட்டால் போதுமாம். அப்படி ஓர் உடம்பு யாரிடமும் கிடையாது என்பது என் கட்சி. அப்படியானால் அசைவின் வழியாகச் சிலர் எதையோ மீட்டெடுத்தார்களே, அது என்ன? சந்திரலேகாவை (1928–2006) முன்வைத்துப் பேசிப்பார்க்கலாம்.

1952இல் அவருடைய அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்தது. 'மதுரா நகரிலோ' பாட்டுக்கு அபிநயம் பிடித்து, யமுனையில் நீர் பெருகுவதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலத்தின் புகைப்படங்கள் வந்து மறித்தன, உடம்பு உறைந்துபோயிற்று என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பட்டறைக்காரர்கள் இதை இயல்பூக்கம் விழித்துக்கொண்ட தருணம் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் விழிக்கவைத்தது எது? அச்சு மை. வறட்சியைப் பற்றிய செய்தி. கையில் இருந்த யமுனைக்கும் கண்ணில் இருந்த நிலத்துக்கும் நடுவே அந்த உடம்பு மாட்டிக்கொண்டது. அரசியல் நுழையாத ஆழத்திலிருந்து வந்த குரல் அல்ல அது. அரசியல் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டதன் அறிகுறி.

பிறகு அவர் மேடையை விட்டுப் பல ஆண்டுகள் விலகியிருந்தார். சுவரொட்டி, எழுத்து, பெண்கள் இயக்கம் என்று போயிற்று காலம். 1982இல் அவர்மேல் தேசத்துரோக வழக்குகூடப் போட்டார்கள். 1985இல் 'அங்கிகா'வோடு வந்தபோது பரதம், களரிப்பயற்று, யோகம் மூன்றும் ஒரே தரையில் நின்றன. கண்ணன் இல்லை, ஏங்கும் நாயகி இல்லை, நகைநட்டு இல்லை. 1991இல் 'ஸ்ரீ'. அதில் முதுகெலும்பு வளைந்த பெண்கள் மேடையைக் கடந்து போகிறார்கள். நான் ஒளிப்பதிவில்தான் பார்த்தேன். அந்தக் கூனல் எந்தத் தாளத்துக்கும் அழகு காட்டவில்லை. 2001இல் வந்த 'சரீரா'வில் ஓர் ஆண், ஒரு பெண், துருபத் இசை. ஒரு கால் விரிவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நம்முடைய சினிமாவில் ஒரு பாட்டே முடிந்துவிடும். பார்ப்பவரின் மூச்சு முதலில் முரண்டு பிடிக்கிறது, பிறகு வழிக்கு வருகிறது. இதை 'கட்டவிழ்த்துவிட்ட உடல்' என்று யாராவது எழுதினால் அவர் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். இடுப்பும் முதுகும் ஆண்டுக்கணக்கில் பழகினால் ஒழிய அந்த மெதுவு சாத்தியமில்லை. கற்றதைத் தூக்கியெறிந்துவிட்டு உடம்பு தன்னிடம் திரும்புவதில்லை. கற்றதை வேறு மாதிரி கற்றுத்தான் திரும்புகிறது.

சந்திரலேகாவோடு எனக்குப் பிணக்கும் உண்டு. பக்தியைக் கழற்றியபோது அபிநயத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டார். கோடு, முக்கோணம், வட்டம் என்று உடம்பு வடிவியலாகிறது. அந்த வடிவியலுக்குப் பின்னால் தொன்மையான, மாசுபடாத ஓர் உடல் இருந்தது என்கிற சாய்வு எனக்குத் தெரிகிறது. பட்டறைக்காரர்களின் பூட்டிய அறைதான் இதுவும், கொஞ்சம் பெரிய அறை. சதிர் பரதநாட்டியமாக மாற்றப்பட்டபோது, 1947இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது, மேடையிலிருந்து இறக்கப்பட்ட பெண்களுக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, தெரு இருந்தது. அவர்களில் எஞ்சி நின்று ஆடியவர் பாலசரஸ்வதி (1918–1984). 1925இல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேறியவர். சிருங்காரத்தைச் சலித்தெடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் வாதாடியபோது, அதுதான் தலையாயது என்று நின்றவர். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு தடவையும் வேறொன்றாக்குவார். அந்த வரி அவருக்கு முன்னால் எத்தனை தலைமுறைப் பெண்களின் கையில் புரண்டு வந்தது! அதை இயல்பூக்கம் என்றால் அவர்களுடைய உழைப்பை எங்கே வைப்பது?

இப்போது பறைக்கு வருகிறேன். ஒரு கல்லூரி விழாவில் பறையாட்டம் முடிந்ததும் பேராசிரியர் ஒருவர் என் காதருகே சொன்னார்: "அவங்களுக்கு இது ரத்தத்துலயே ஊறினது சார், கத்துக்கவே வேணாம்." பாராட்டாகத்தான் சொன்னார். இப்படிப்பட்ட பாராட்டு எவ்வளவு நுட்பமான திருட்டு என்று பாருங்கள். வர்ணம் ஆடும் பெண்ணுக்குச் சாதகம், பறை அடிக்கும் பையனுக்கு ரத்தம். ஒருத்திக்குக் கலை, இன்னொருத்தனுக்குப் பிறப்பு. தோலை எந்தப் பதத்துக்குத் தீயில் காய்ச்சுவது, சிண்டுக்குச்சிக்கும் அடிக்குச்சிக்கும் என்ன பேச்சுவார்த்தை, சாமிச்சாட்டு அடி எங்கே முடிந்து எங்கே மாறுகிறது, இதெல்லாம் எண்ணிக்கை போட்டுப் பழகுகிற வித்தை. சாமி இறங்குவதற்கென்றே மருள் அடி என்று ஒன்று இருக்கிறது. தன்னை மறந்த உடம்பு என்கிறோமே, அதைக் கொண்டுவருவதற்குக்கூட இலக்கணம் தெரிந்த ஒருவன் சுயநினைவோடு பக்கத்தில் நின்று அடிக்க வேண்டியிருக்கிறது. அவனை விட்டுவிட்டு ஆடுகிறவரை மட்டும் பார்த்தால் எல்லாம் இயல்பூக்கமாகத்தான் தெரியும்.

ரத்தம் என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இழவு வீட்டில் இவன்தான் அடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதும் அதே சொல்தான். அந்தக் கட்டாயத்துக்கு மறுத்துப் பல ஊர்களில் பறையைக் கீழே வைத்தார்கள். அதே பறையைப் போராட்ட மேடையில் மறுபடி எடுத்தார்கள். வைத்ததும் எடுத்ததும் தீர்மானம்.

தமிழ் படித்தவன் என்பதால் மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை என்று தொடங்குவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தச் சிலேடையை ஏற்கெனவே நிறையப் பேர் சக்கையாக்கிவிட்டார்கள். எனக்கு மெய்ப்பாட்டியலில் முக்கியமாகப் படுவது வேறு. அழுகைக்கு நிலைக்களன் சொல்லும்போது தொல்காப்பியர் வறுமையையும் சேர்க்கிறார். பெருமிதத்துக்குக் கல்வியைச் சேர்க்கிறார். உடம்பில் தோன்றுவதற்கு ஊரில் காரணம் தேடிய நூல் அது. பட்டறையில் கண்ணை மூடி உள்ளே பார்க்கச் சொல்கிறார்களே, அங்கே கூலியும் வறுமையும் தென்படுகிறதா என்று அடுத்த முறை போகிறவர்கள் கேட்டுப்பாருங்கள். பறை கற்றுக்கொடுக்க வந்தவருக்கு என்ன கொடுத்தார்கள், அறிவிப்பில் அவர் பெயரைப் பயிற்றுநர் என்று போட்டார்களா, 'நாட்டுப்புறக் கலைஞர்' என்று போட்டார்களா என்பதையும்.