சென்டமும் அதன் விலையும்

தேர்வில் 98 வாங்கிவந்த பிள்ளையிடம் "மீதி ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கம். சென்டம் மீதுள்ள இந்த ஆசையை முழுத் தவறென்று தள்ளிவிட முடியாது. படித்த குடும்பமோ சிபாரிசோ இல்லாத எத்தனையோ பிள்ளைகளைப் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் சேர்த்தது அந்த உழைப்புதான். ஒரு படியையும் விடாமல் கணக்குப் போடுவது, எழுதியதைத் திரும்பப் பார்ப்பது போன்ற பழக்கங்கள் வாழ்நாள் முழுதும் கைகொடுக்கும்.

இலக்கு உயர்ந்திருப்பதால் மட்டும் கேடு வருவதில்லை. யாருக்குப் பயந்து அதை நோக்கி ஓடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். உளவியலாளர்கள் பால் ஹியூவிட், கோர்டன் பிளெட் இருவரும் குறையே கூடாது என்னும் இந்த நாட்டத்தை 1991இல் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மூன்றாவது வகைக்கும் மனச்சோர்வுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1989 முதல் 2016 வரை அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் கல்லூரி மாணவர்களிடம் அதுவே மிக வேகமாகக் கூடியது என்று தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் ஆய்வு காட்டியது.

நம் வீட்டுக் கேள்வி வளர்ப்பதும் அதைத்தான். விடைத்தாளை ஒளித்துவைப்பது, ஓர் அடித்தலுக்காக முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவது, சரியாக வராதோ என்று தொடங்காமலே தள்ளிப்போடுவது, புத்தகத்தில் இல்லாத கணக்கைத் தொடவே மறுப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். சென்டமே வந்தாலும் மகிழ்ச்சி நிலைப்பதில்லை. அடுத்த தேர்வின் பயம் முந்திக்கொள்கிறது.

பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை வெளியிடுவதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. தேவையான முடிவு. ஆனால் வீட்டுக்குள் கேட்கப்படும் கேள்வியை எந்த அரசாணையும் மாற்றாது.

பிழையே கூடாத துறைகள் உண்டே என்று கேட்கலாம். விமானப் போக்குவரத்து அப்படிப்பட்டதுதான். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளை நாசா நடத்தும் ஓர் அமைப்பிடம் தாங்களாகவே தெரிவிக்கிறார்கள். அந்த அமைப்பு பெயரை நீக்கிவிட, அந்தத் தவறுகளிலிருந்து எல்லோரும் பாடம் கற்கிறார்கள். பிழையை ஒளிக்கத் தேவையில்லாத இடத்தில்தான் அதைத் திருத்த வழி பிறக்கிறது.

வீட்டிலும் இது முடியும். விடைத்தாளோடு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எப்படித் தப்பாச்சு, பார்ப்போமா?" என்று கேட்கலாம். ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் என்று முன்பே வகுத்து, நேரம் முடிந்ததும் மூடிவைக்கப் பழக்கலாம். இலக்கு உயர்ந்தே இருக்கட்டும். மதிப்பெண் குறைந்தாலும் அம்மா அப்பாவின் அன்பு குறையாது என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைதான், இதுவரை பார்த்திராத கணக்கிலும் துணிந்து கைவைக்கும்.