வெல்லாத பிள்ளையின் கதை

ஓட்டிசமுள்ள பிள்ளையை ஒரு படைப்பில் சந்திக்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் பிள்ளை கதை முடிவதற்குள் எதையாவது வென்றாக வேண்டுமா? ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கி 2013இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தை அண்மையில் மறுபடி பார்த்தபோதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

படத்தின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். தாயை இழந்த மகனைத் தனியே வளர்க்க வரும் பொலிஸ் அதிகாரி (கிஷோர்), பிள்ளையை மாற்றுவதற்கு முன் தான் மாறுகிறார். சாதாரணப் பள்ளியின் வகுப்பறையில் மகனோடு தானும் உட்காருகிறார். பார்வையைத் தராத, பேச்சைத் தராத பையனாகப் பிருத்விராஜ் தாஸ் நடித்திருக்கும் விதத்தில் இரக்கத்தைக் கெஞ்சும் தன்மை இல்லை. சிநேகா ஏற்றிருக்கும் ஆசிரியையும் அற்புதம் நிகழ்த்துபவர் அல்ல. பிள்ளையிடமிருந்து மெதுவாகக் கற்றுக்கொள்பவர்.

ஆனால் படம் தன் பொறுமையைத் தானே நம்பவில்லை. பையனை ஓட்டப் பந்தயத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அரங்கம் கைதட்டுகிறது, நாமும் கண் கலங்குகிறோம். ஓடத் தெரியாத, எந்தத் தனித்திறனும் வெளிப்படாத பிள்ளைக்கு இந்தக் கைதட்டலில் என்ன பங்கு?

இந்தக் கேள்வி எனக்குள் வலுத்தது நயினாதீவு இறங்குதுறையில். குறிகட்டுவானுக்கு அங்கிருந்து ஏறத்தாழ இருபது நிமிடக் கடல். ஏழு வயது மதிக்கத்தக்க பையனோடு ஒரு தாய் நின்றிருந்தார். படகின் இயந்திரம் முழங்கியதும் பையன் காதுகளைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். "அடிச்சு வளர்க்காத குறை" என்றது ஒரு குரல். அந்தத் தாய் பையிலிருந்து சில படங்களை எடுத்தார். இறங்குதுறை, படகு, பஸ், அம்மம்மா வீடு. ஒவ்வொன்றாக அவன் முன் வைத்தார். படகு போய்விட்டது. நான் அனுதாபமாக ஏதோ சொல்ல, அவர் சிரித்தார்: "போன மாசம் ஜெட்டிப் பக்கமே வரமாட்டான் ஐயா. இப்ப இவ்வளவு தூரம் வாறான்."

டெம்பிள் கிராண்டின் தன் சிந்தனை சொற்களாக அன்றிப் படங்களாகவே ஓடுவதை விளக்கி 1995இல் ஒரு நூலே எழுதினார். அடுத்து என்ன நடக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் பல பிள்ளைகளின் பதற்றம் தணிகிறது. அந்தத் தாயின் பையில் இருந்தது ஒரு முழுப் பாடத்திட்டம்.

தீவு இப்பாடத்தை இன்னும் கடினமாக்குகிறது. நெடுந்தீவிலிருந்தென்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். பின்னர் 30 கிலோமீற்றருக்கு மேல் பஸ். கோண்டாவிலில் 2004 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காகச் சிவபூமி பாடசாலை இயங்குகிறது. தீவுப் பிள்ளைக்கோ பாடசாலை வாசலுக்கு முன்பே படகு என்ற பெரும் பரீட்சை இருக்கிறது.

தாயைக் குற்றம் சொல்லும் குரல் நமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்நிலைக்குப் பெயர் தந்தார். தாயின் அன்பின்மையே காரணம் என்ற வாதத்தை புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் நூலாக்கிப் பரப்பினார். ஓட்டிசமுள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964லேயே அதை மறுத்திருந்தார். அறிவியல் அவ்வாதத்தைக் கைவிட்டு நெடுங்காலமாகிறது. ஊர் வாய் இன்னும் கைவிடவில்லை.

நம் எழுத்தாவது கைவிட்டதா? பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 2009இல் வெளியிட்ட இலங்கை ஆய்வு, பரிசோதித்த சிறு பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. அந்த ஒருவர் நம் கதைகளில் எங்கே? 1985இல் குமுதினிப் படகில் நடந்த கொலைகளும் 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் நம் நினைவில் எழுதப்பட்டிருக்கின்றன, எழுதப்படவும் வேண்டும். ஆனால் பேசாத பிள்ளை ஒன்று கதைக்குள் வந்தால் அதை யுத்தம் ஊமையாக்கிய சமூகத்தின் குறியீடாக்கிவிடுகிறோம். இல்லையேல் குடும்பத்தின் பாவச்சுமையாக்குகிறோம். அதற்குப் பிடித்த சோறு எது, பயந்த ஓசை எது என்று நாம் கேட்பதில்லை.

தமிழகத்தில் யெஸ். பாலபாரதி 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்ற நூலையும் 'துலக்கம்' நாவலையும் தந்திருக்கிறார். தகவலையும் புனைவையும் ஒருவரே எழுத நேர்ந்தது, இத்துறையில் எழுதுவோர் எவ்வளவு குறைவு என்பதையும் காட்டுகிறது. நம் தீவுக் கடலிலிருந்து அப்படியொரு நாவலை நான் இதுவரை வாசிக்கவில்லை.

அது எழுதப்படும்போது பந்தயமும் பதக்கமும் வேண்டாம். இறங்குதுறை வரை வந்து படகேறாமல் திரும்பும் ஒரு பிள்ளையும், நாளையும் அழைத்துவரப் போகும் ஒரு தாயும் போதும். அந்தத் திரும்பலைத் தோல்வியென்று எழுதாத பேனாவைத்தான் நான் எதிர்பார்த்திருக்கிறேன்.