அடித்த கையும் அணைத்த கையும்

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஒரு மாலை, மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் தம் பையனை ஓங்கி அறைந்ததைப் பார்த்தேன். எட்டு வயதிருக்கும். அழுதான், ஓடவில்லை. சற்றைக்கெல்லாம் அவர் தொடையிலேயே தலைவைத்துப் படுத்துக்கொண்டான். “பார்த்தீரா, அடியை மறந்துவிட்டான்! பிள்ளை மனசு” என்றார் உடன் வந்த நண்பர். நிறையக் கதை படிப்பவர். கதைகள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

இது குப்பத்துச் சமாசாரம் என்று யாரும் எண்ண வேண்டாம். அங்கே வெட்டவெளி; நாம் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறோம். 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் விசாரித்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடிபட்டவர்கள்.

நம் தொடர்கதைகளில் இந்தப் பிள்ளைக்கு இரண்டே வேஷம். சிற்றன்னையிடம் சூடு வாங்கி, பிறகு கலெக்டராகத் திரும்பி அவளை மன்னிப்பான். இல்லாவிட்டால் கத்தியை எடுப்பான். இரண்டும் பொய். குழந்தை மறப்பதில்லை. பற்றிக்கொள்ள வேறு கை இல்லாததால் அடிக்கிற கையையே பற்றிக்கொள்கிறது. தாயன்பை இழந்த குழந்தைகளைப் பற்றி 1951-ல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அறிக்கை எழுதிய ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனோதத்துவ மருத்துவர் பிற்காலத்தில் விரிவாகச் சொன்னது இது: மனிதரை நம்பலாமா என்ற கணக்கைக் குழந்தை மடியிலேயே போட்டுவிடுகிறது. கணக்குத் தப்பினால், இருபத்தைந்து வயதில் ஒருத்தி அன்பாகப் பேசும்போதும் அவன் அறையை எதிர்பார்த்திருப்பான். அவள் விடுமுன் தானே விட்டுப் போவான். எல்லோரும் அப்படி ஆவதில்லை. நடுவில் ஒரு பாட்டியோ வாத்தியாரோ வாய்த்தால் கணக்கு மாறுவதும் உண்டு.

ஜெயகாந்தனின் ‘உன்னைப் போல் ஒருவன்’ நாவலில், தாய் தங்கம் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டதைச் சிறுவன் சிட்டியால் பொறுக்க முடியவில்லை. அவள் பெற்றுப்போட்டுவிட்டுச் சாகிறாள். அந்தச் சிசுவை அவனே ஏந்திக்கொள்கிறான். முதல் வாசிப்பில் எனக்கு இது நாடகத்தனமாகப் பட்டது. இன்று அப்படித் தோன்றவில்லை. சிட்டி காயப்பட்டவன்தான், ஆனால் அதற்குமுன் பல வருஷம் கொஞ்சி வளர்க்கப்பட்டவன். கையில் முதல் இருந்தது, கொடுத்தான்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் (2000) கூளையனுக்கு அந்த முதல் ஏது? கூலிக்காகக் கவுண்டர் வீட்டில் விடப்பட்ட பிள்ளை. ஏச்சும் அடியுமாக வளர்கிறான். அவனுடைய பாசமெல்லாம் ஆடுகளிடமும் தன்னைப்போல் ஆடு மேய்க்கும் பிள்ளைகளிடமும் போய் ஒட்டிக்கொள்கிறது. எஜமானின் மகனோடு அவனுக்குள்ள சிநேகத்திலோ பாசமும் பயமும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. நம் அழுகையை ஆசிரியர் எங்கும் யாசிக்கவில்லை. என் மதிப்பில் இது மேலான சித்திரம்.

ஆனால் கூளையன் புருஷனாகி, தகப்பனாகி எப்படி இருப்பான்? அங்கே அந்த நாவல் போகவில்லை. போகவேண்டிய அவசியமும் அதற்கில்லை. அதை இன்னொருவர் எழுதினால் ஆவலோடு படிப்பேன்.

நெட்டுக்குப்பத்து மனிதர் பிறகு, அறைந்த அதே கையால் பையனின் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். அவரைச் சின்ன வயதில் யார் அடித்தார்களோ!