ஆழித்தேர்: ஆட்டம் முக்கில்தான் இருக்கிறது

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கூத்தாநல்லூருக்கு விடுமுறையில் வருகிறவர்கள் பங்குனியில் ஊரில் இருந்தால், ஆழித்தேர் ஓடும் நாளன்று காலையிலேயே திருவாரூருக்கு பஸ் ஏறிவிட வேண்டும். டெல்டாவில் அந்தத் தேரோட்டத்துக்கு இணையான கூட்டு ஆட்டம் கிடையாது.

எதிரே நிற்பது லேசான ஆள் இல்லை. மரத்தேர் 30 அடி, அதன்மேல் மூங்கில் கட்டி அலங்கரித்த பகுதி 48 அடி, விமானம் 12 அடி, கலசம் 6 அடி என மொத்தம் 96 அடி. எடை சுமார் 300 டன். முன்னால் நான்கு வடங்கள், பின்னால் உந்தித் தள்ள புல்டோசர்கள். ‘ஆரூரா, தியாகேசா’ என்ற முழக்கத்தோடு தேர் நகரும்போது எல்லாக் கண்களும் வடத்தின் மேல்தான் இருக்கும்.

ஆனால் இந்த ஆட்டத்தை ஜெயித்துத் தருவது முட்டுக்கட்டை போடுகிறவர்கள். உருளும் சக்கரத்துக்கு அருகிலேயே நடந்து, எந்தப் பக்கம், எந்த நொடியில் கட்டையைக் கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். ஒரு சக்கரத்தைத் தடுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டையும் தடுத்தால் நிற்கும். கபடியில் ரெய்டருக்குக் கைதட்டல் கிடைத்தாலும் மேட்சைக் காப்பாற்றுவது கார்னரில் நிற்பவர்தான். இங்கேயும் அதே கதை.

அந்தத் திறமை முழுதாகத் தெரிவது கீழவீதியிலிருந்து தெற்குவீதிக்குத் திரும்பும் முக்கில். சக்கரங்களுக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் போட்டு மசகு தடவுகிறார்கள். வடத்தைப் பக்கவாட்டில் இழுக்க, தேர் தகட்டின் மேல் வழுக்கி மெல்லத் திரும்புகிறது. நேர்வீதியில் வேகமாக வந்த தேர் இங்கே அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். இழுப்பவர்கள் அவசரப்பட்டாலும், கட்டை போடுகிறவர்கள் தாமதித்தாலும் திருப்பம் கெட்டுவிடும்.

1948க்குப் பிறகு நின்றுபோன இந்தத் தேர் 1970இல் மீண்டும் ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பெரிய பலம். இருந்தும் முட்டுக்கட்டைக்கு வேலை குறையவில்லை. பிரேக் தேரை நிறுத்தும். வழிநடத்த மனிதக் கணிப்பு வேண்டும்.

ஆகவே பார்க்க வருகிறவர்கள் வடம் பிடிக்கும் இடத்திலேயே கூட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். முதல் முக்கில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். போலீஸ் கட்டிய கயிற்றைத் தாண்டாதீர்கள். தேர் நிலைக்கு வர மாலை ஆகிவிடும் என்பதால் பொறுமை தேவை. விழாவை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முக்குகளில் மக்கள் பாதுகாப்பாக நின்று பார்க்க மேடை அமையுங்கள். முட்டுக்கட்டைக் குழுவினரை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழையுங்கள். 300 டன்னைத் தங்கள் கணிப்பால் திருப்புகிறவர்களுக்கு அந்தக் கைதட்டல் சேர வேண்டிய கடன்.