கூண்டில் நின்றது யார்?

வெள்ளித்திரைக்குக் கொலை புதிதன்று. புராணப் படங்களில் தலைகள் உருண்டன. அரச கதைகளில் வாள்கள் குருதியில் தோய்ந்தன. துப்பறியும் படங்களில் துப்பாக்கி ஓயாமல் முழங்கியது. அவையெல்லாம் பெரும்பாலும் தடையேதுமின்றி மக்கள் முன் வந்து சேர்ந்தன. அப்படியானால் தணிக்கையாளரின் கத்தரிக்கோல் எதைக் கண்டு துள்ளி எழுகிறது? குற்றத்தைக் கண்டா? குற்றத்திற்குக் காரணம் கேட்கும் குரலைக் கண்டா?

விடை காண இரண்டு படங்களைச் சாட்சிக்கு அழைப்போம். ஒன்று, 1932-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்கார்ஃபேஸ்’. முகத்திலே தழும்பு கொண்டவன் என்பது பொருள். மற்றொன்று, 1952-ல் தமிழகத்தில் வெளிவந்த ‘பராசக்தி’. அங்கே கொள்ளைக் கூட்டத்தின் தலைவன். இங்கே கூழுக்கும் வழியற்றுப் போன ஒரு குடும்பம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால், இரு படங்களின் வரலாற்றிலும் ஒரு நீதிமன்றக் காட்சி இருக்கிறது. ஒரு நீதிமன்றம், தணிக்கையைத் திருப்திப்படுத்தக் கட்டப்பட்டது. மற்றொரு நீதிமன்றம், ஆளவந்தாரின் நெற்றியைச் சுருங்க வைத்தது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் இருந்தது. சட்டம் இருந்தது, குடியும் இருந்தது, இரண்டுக்கும் இடையே கள்ளச் சாராய வணிகம் கொழுத்தது. சிகாகோ நகரில் அந்த வணிகத்தின் முடிசூடா மன்னனாக விளங்கியவன் அல் கபோன். அவனை நினைவூட்டும் கதையைப் படமாக்கினார் ஹோவர்ட் ஹியூஸ் என்னும் செல்வர். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கினார். பத்திரிகையாளராயிருந்து எழுத்தாளரான பென் ஹெக்ட் கதை தீட்டினார். பால் முனி நாயகனாக நடித்தார்.

அந்நாளில் அமெரிக்கத் திரைப்படத்திற்குப் பேச்சுரிமை கிடையாது. படம் என்பது வெறும் வணிகச் சரக்கு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1915-ல் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி தணிக்கைக் குழு வைத்துக்கொண்டன. அவற்றின் சினத்திற்கு அஞ்சிய முதலாளிகள், முந்திக்கொண்டு தாமே ஒரு கட்டுப்பாட்டு அலுவலகம் அமைத்து, 1930-ல் ஒழுக்க விதிகளையும் வகுத்தனர். ‘ஸ்கார்ஃபேஸ்’ அந்த அலுவலகத்தின் வாயிலில் மாதக் கணக்கில் காத்துக் கிடந்தது.

வெட்டினார்கள் என்பது மட்டுமன்று. ஒட்டினார்கள் என்பதே நாம் கருத வேண்டியது. ‘நாட்டின் வெட்கக்கேடு’ என்னும் பொருளில் துணைத் தலைப்பு ஒன்று ஒட்டப்பட்டது. பத்திரிகை முதலாளியின் அறையில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் காட்சி ஒன்று ஒட்டப்பட்டது. அவர்கள் என்ன பேசினார்கள்? நாடு கடத்தும் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டுமாம். இக்கொள்ளையரில் பாதிப்பேர் இந்நாட்டுக் குடிமக்களே அல்லராம்! சாராயத்தை வாங்கிக் குடித்தவன் உள்ளூரான்; பழி மட்டும் வந்தேறியின் தலையில்.

முடிவையும் மாற்றினார்கள். ஹாக்ஸ் எடுத்த முடிவிலே, நாயகன் தெருவில் சுடப்பட்டு விழுகிறான். அவன் பிணத்திற்கு மேலே, உலகமே உன்னுடையது என்று ஒரு பயண நிறுவனத்தின் விளம்பர விளக்கு மின்னுகிறது. அந்தப் பேராசையை அவன் எங்கே கற்றான்? அந்த விளக்கே சொல்கிறது: ஊரார் கண்ணுக்கு நேரே, நடுத்தெருவிலே கற்றான்! தணிக்கைக்கெனச் செய்த மாற்று முடிவில் அந்த விளக்கு இல்லை. நீதிபதி வருகிறார், நீண்ட உபதேசம் செய்கிறார், தூக்குமேடை வருகிறது. பால் முனி அந்தக் காட்சியில் நடிக்கவே இல்லை. ஆகவே குற்றவாளிக்கு முகமும் இல்லை, பேச்சும் இல்லை. நீதிபதியின் வாய் பேசுகிறது. கைதியின் கால்கள் நடக்கின்றன.

இவ்வளவு செய்தும் நியூயார்க் மாநிலத் தணிக்கைக் குழு எளிதில் இசையவில்லை. பின்னாளில் ஹியூஸ் படத்தையே புழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். 1976-ல் அவர் இறந்த பிறகு, 1979-ல்தான் அது மீண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஆனால், அந்த முகமற்ற கைதியை நாம் மறக்கலாகாது. தணிக்கை விரும்பும் குற்றவாளி அவனே. தண்டனை பெறலாம், காரணம் சொல்லக் கூடாது!

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் மதுவிலக்கு கள்ளச் சாராயக்காரனை வளர்த்தது என்றால், இங்கே இரண்டாம் உலகப் போர் கள்ளச் சந்தைக்காரனை வளர்த்தது. 1941 டிசம்பரில் இரங்கூன் மீது குண்டுகள் விழுந்தன. பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினர். வழியிலேயே மாண்டவர் பலர். வந்து சேர்ந்தவர்க்கு ஊர் வைத்திருந்த வரவேற்பு, பசி. அந்தத் துயரப் பின்னணியில் பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம் ‘பராசக்தி’. நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள், ஏவி. மெய்யப்பனாரின் துணையோடு அதைப் படமாக்கினார். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினர். உரையாடல் மு. கருணாநிதி, படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 28. நாயகன், நாடக மேடையிலிருந்து வந்த கணேசன். அதுவே அவருக்கு முதல் படம். படப்பிடிப்புத் தொடங்கிய பின்னர், இந்தப் புதுமுகத்தை மாற்றிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. பெருமாள் இசையவில்லை. அந்தப் பிடிவாதத்திற்குத் தமிழ்த் திரையுலகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

கதையின் கண்ணீர் ஊற்றெடுக்கும் இடம் மதுரை. மாணிக்கம் பிள்ளையின் மகள் கல்யாணி அங்கே மணம் முடித்து வாழ்கிறாள். மூன்று அண்ணன்மாரும் இரங்கூனில். கணவன் விபத்தில் இறக்கிறான், தந்தையும் இறக்கிறார், வீடு கடனுக்குப் போகிறது, கைக்குழந்தையோடு இட்லிக் கடை வைக்கிறாள் அந்தக் கைம்பெண். பசி ஒரு பக்கம், பார்ப்போர் கண்கள் ஒரு பக்கம். ஊர் ரவுடி வருகிறான். கள்ளச் சந்தை முதலாளி வருகிறான். ஊரை விட்டுப் போய்க் கோயிலில் அடைக்கலம் தேடினால் பூசாரியும் அவ்வாறே வருகிறான். கடைசியில் குழந்தையை ஆற்றில் எறிந்துவிட்டுத் தானும் சாகத் துணிகிறாள். கொலைக் குற்றம்! பூசாரியைத் தாக்கிய அண்ணன் குணசேகரன் மீதும் குற்றம்!

நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது? அமெரிக்கத் தணிக்கையாளரின் நீதிமன்றம் இங்கே தலைகீழாகிறது. நீதிபதி கேட்கிறார், கூண்டில் நிற்பவன் பேசுகிறான். தான் செய்ததை அவன் மறைக்கவில்லை. செய்ய வைத்தது எது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். கல்யாணியின் வழக்கைக் கேட்ட நீதிபதியோ, பசியோடு வாசலுக்கு வந்த அவளைத் தங்கை என்று அறியாமல் விரட்டிய மூத்த அண்ணன். தீர்ப்புச் சொல்லும் நாற்காலியே குற்றப் பட்டியலில் இடம் பெற்றுவிடுகிறது.

1952 அக்டோபர் 17, தீபாவளி நாளில் படம் வெளிவந்தது. அந்நாளில் ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்ட மதுரைத் தங்கம் திரையரங்கில் திரையேறிய முதல் படம் இதுவே. கூட்டம் பெருகியது, கூடவே கூக்குரலும் பெருகியது. தடை செய்க என்றனர் சிலர். மாநில அரசாங்கம் மறுபரிசீலனை கோரி மத்திய அரசாங்கத்தை நாடியது. முறைப்படி சான்றிதழ் பெற்ற படம் என்பதால் அந்த முயற்சி பலிக்கவில்லை. ‘பரப்பிரம்மம்’ என்று தலைப்பிட்டு எள்ளி நகையாடியது ஓர் இதழ். அதே பெயரில் ஒரு நாடகம் எழுதி மேடையேற்றி விடையிறுத்தார் கருணாநிதி.

ஆயினும் கத்தரிக்கோல் முற்றிலும் பட்டினி கிடக்கவில்லை. சிலையின் பின்னின்று குணசேகரன் பூசாரியிடம் பேசும் இடத்தில் ‘கல்’ என்னும் ஒரே சொல் ஒலியிழந்தது. உதடு அசைகிறது, ஒலி இல்லை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப அரங்கிலிருந்தோர்க்கு எவரும் கற்றுத் தர வேண்டியிருக்கவில்லை. பெண்ணின் மானத்தைச் சூறையாட முயலும் காட்சி இருக்கலாம்; சிலையைக் கல் என்று சொல்லும் சொல் இருக்கலாகாது! குற்றத்தைக் காட்டுவதற்குத் தடையில்லை, குற்றவாளி ஒளிந்துகொள்ளும் இடத்தைச் சுட்டுவதற்கே தடை என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இன்னொன்றும் கருதத்தக்கது. அதே 1952 மே மாதத்தில்தான், 1915-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாற்றி, திரைப்படமும் கருத்துரிமைக்கு உரியது என்றது. நம் நாட்டிலோ வெள்ளையர் 1918-ல் இயற்றிய தணிக்கைச் சட்டத்தின் இடத்தில், அதே ஆண்டில் புதிய சட்டம் வந்தது. எஜமானர் மாறினர், முன்தணிக்கை மாறவில்லை.

இவ்வளவு சொன்னதால் ‘பராசக்தி’ பழுதற்ற படைப்பு என்று பொருளன்று. பாராட்டுவது போலவே குறை காண்பதும் விமரிசனத்தின் கடமை. ஆற்றில் எறிந்த குழந்தை படகில் விழுந்து பிழைக்கிறது, விமலா அதைக் கொண்டு வந்து நீதிமன்றத்தில் காட்டுகிறாள், வழக்கு கரைகிறது, பிரிந்தோர் கூடுகின்றனர். பசியால் ஒரு தாய் பிள்ளையைக் கொன்றால் குற்றவாளி யார் என்ற கேள்வி, நற்பேறு ஒன்றினால் பதிலின்றி விடப்படுகிறது. அமெரிக்காவில் முடிவைத் தணிக்கை ஒட்டியது. இங்கே குடும்பக் கதையின் பழக்கமே அந்த வேலையைச் செய்துவிட்டது. படகு வராத கல்யாணிகளுக்கு எந்த நீதிமன்றம் விடுதலை அளித்தது?

மற்றொரு குறை இதனினும் பெரிது. மதுரைக்கு நீதிமன்றக் காட்சி புதிதன்று. விசாரணையின்றிக் கணவனைக் கொன்ற பாண்டியனின் அவையில், ஒற்றைச் சிலம்போடு நின்று வழக்குரைத்தவள் கண்ணகி. அண்ணனைத் தேடவில்லை, வழக்கறிஞரை நாடவில்லை, அவளே பேசினாள், அரசன் அரியணையிலிருந்து வீழ்ந்தான். கல்யாணியும் கூண்டில் பேசுகிறாள், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் நாடு மனப்பாடம் செய்தது குணசேகரனின் உரையை. துன்பம் தங்கையுடையது, முழக்கம் அண்ணனுடையது. பெண்ணுக்காகப் பேசிய படம், பெண்ணைப் பேசவிடுவதில் இளங்கோவடிகளுக்குப் பின்தங்கியே நிற்கிறது. சீர்திருத்தம் பேசுவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதை.

ஆனாலும் அந்தப் படம் ஒன்றைச் சாதித்தது. கூண்டில் நிற்பவனுக்கு முகம் உண்டு, வாய் உண்டு, காரணம் உண்டு என்று மதுரை நகரத் தொழிலாளிக்கும், சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்த உழவனுக்கும் காட்டியது.

1983-ல் தணிக்கை வாரியம் சான்றளிப்பு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில், கூச்சலுக்கு அஞ்சிக் கருத்துரிமையைப் பறிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் தீர்ப்புரைத்தது. அந்தப் படத்தின் கருத்தை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. உரிமை இரு சாராருக்கும் பொதுவானது. நமக்குப் பிடித்த படத்திற்காக மட்டும் குரல் கொடுப்பது உரிமை வேட்கையாகாது.

ஆகவே, எப்போதெல்லாம் ஒரு படத்தை வெட்டு என்ற குரல் எழுகிறதோ, அப்போதெல்லாம் நாம் ஒன்று கேட்போம்: அங்கே வெட்டப்படுவது குற்றமா? குற்றவாளியின் வாக்குமூலமா?