மனுவுக்குள் மனு

குடியேறியவர் குடிமகனாவதை ஆங்கிலத்தில் 'நாச்சுரலைசேஷன்' என்கிறார்கள். இயற்கையாக்குதல். சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது: வந்தவன் இயற்கைக்குப் புறம்பானவன், அரசு அவனைச் சரிபண்ணி உள்ளே எடுத்துக்கொள்கிறது. என்ன அளவுகோலால் சரிபண்ணுகிறது என்றறியச் சட்டப் புத்தகத்தைவிட, உள்ளே வர ஆசைப்பட்டவன் தன்னைப் பற்றி எழுதிக்கொடுத்ததை ஒரு பிரதியாக வாசிப்பது மேல்.

1790ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் 'சுதந்திர வெள்ளையர்' மட்டுமே இப்படிக் குடிமகனாகலாம் என்றது. 1870இல் ஆப்பிரிக்க வழிவந்தோரையும் சேர்த்தார்கள். ஆக, இரண்டு வாசல். ஆசியாவிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளை வாசலைத்தான் தட்டினார்கள். ஆசியன் எப்படி ஆப்பிரிக்கனாவான் என்று கேட்கலாம். ஆசியன் எப்படி வெள்ளையனாவான் என்று மட்டும் யாருக்கும் கூச்சம் வரவில்லையே!

தகாவோ ஒஸாவா ஜப்பானில் பிறந்தவர். பெர்க்லியில் பள்ளி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு, வீட்டில் ஆங்கிலம். இருபது வருஷ வாழ்க்கையையே சான்றாக வைத்தார். தன் தோலும் வெளுப்புதான் என்றும் வாதாடினார். 1922 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், ஆள் தகுதியானவர்தான் என்று ஒத்துக்கொண்டே மறுத்தது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தார், ஜப்பானியர் அதிலில்லை என்றது.

சரி, காக்கேசியன் என்று நிரூபித்தால்? மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரி 19இல் பகத்சிங் திந்த் வழக்கில் தீர்ப்பு. பஞ்சாபி சீக்கியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 1918இல் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த குடியுரிமை நாலே நாளில் பறிபோனது. 1920இல் ஆரிகன் கோர்ட் கொடுத்தது, அரசு அப்பீல் போனது. அவர் தரப்பு எழுத்துவாதத்தை இன்று வாசிக்கையில் வயிற்றைக் கலக்குகிறது. அவர் ஆரியர், உயர்சாதி. சாதி விதிகள் ரத்தக் கலப்பைத் தடுத்து வந்திருக்கின்றன. சாதியை மறுத்தெழுந்த சமயத்தவர் சொல்வது இது! இன்னும் போகிறது: திருமண விஷயத்தில் அமெரிக்கன் நீக்ரோவைப் பார்ப்பது போலத்தான் உயர்சாதி இந்து இந்தியப் பூர்வகுடியைப் பார்க்கிறானாம்.

மனுவுக்குள் மனு உட்கார்ந்திருக்கிறார்.

அடிவருடித்தனம் என்று திட்டிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் திந்த் தரப்பின் கணக்கு சூட்சுமமானது. அங்கே செல்லுபடியாகும் நாணயம் எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நிறவெறியும் சாதியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு கைகுலுக்கும் என்று நம்பினார்கள். இரண்டும் காவல் காப்பது கல்யாணத்தைத்தானே? இதே அமெரிக்காவில், ஏழாண்டு முன்பு 1916இல், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை அகமணமே சாதியின் சாரம் என்று தோலுரித்தது. அம்பேத்கர் நோயாகக் கண்டதைத் திந்த் தகுதிச் சான்றிதழாக நீட்டினார்.

இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஜார்ஜ் சதர்லண்ட். அவரும் இங்கிலாந்தில் பிறந்து வந்தவர்தான். ஒஸாவாவிடம் இன அறிவியல் பேசியவர் திந்திடம் அதைத் தூக்கிப்போட்டார்: சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்கிறானோ அவனே வெள்ளையன். கலப்பைத் தடுப்பதில் சாதி விதிகள் முழுசாக ஜெயிக்கவில்லை போலிருக்கிறது என்று வேறு எழுதினார். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலர் அதை இழந்தார்கள். பறிகொடுத்தவர்களில் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பாகாய் 1928இல் தற்கொலை செய்துகொண்டார். போர்வீரர்களுக்கான தனிச் சட்டத்தால் 1936இல் திந்துக்குக் குடியுரிமை கிடைத்தது. மற்ற இந்தியர்களுக்கு 1946இல்தான் வழி திறந்தது. இனத் தடை முற்றாகப் போனது 1952இல்.

திந்தைப் புலம்பெயர்ந்தோர் நிறவெறிக்குப் பலியானவராக நினைவுகூர்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த எழுத்துவாதத்தைக் கூட்டங்களில் யார் உரக்க வாசிக்கிறார்கள்? தீர்ப்பு வந்து நூறாண்டு நிறைந்த மறுநாளைக்கு மறுநாள், 2023 பிப்ரவரி 21இல், அதே வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் கவர்னர் நிராகரித்தார். சாதி என்று எழுதினாலே எங்களைக் குறிவைப்பதாகும் என்று இந்து அமைப்புகள் சில எதிர்த்திருந்தன. 1923இல் கோர்ட்டில் எடுத்துக்காட்டிய உடைமை, 2023இல் பெயர் சொன்னாலே அவதூறு.

அந்த மசோதாவுக்காக நின்றவர்களில் தேன்மொழி சௌந்தரராஜன் ஒருவர். தமிழ்த் தலித் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். குடியுரிமைக்காக எந்த அதிகாரியிடமும் அவர் மனுப்போட வேண்டியிருக்கவில்லை. சக இந்தியர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுத்தான் மனுப்போட வேண்டியிருக்கிறது.