காலடியில் பழைய மதராஸ்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680இல் கட்டி முடிந்தது. ராபர்ட் கிளைவ் 1753இல் மணமுடித்த இடம் என்று பலரும் நேரே உள்ளே போய்விடுகிறார்கள். எனக்கு முற்றமே போதும்.

அங்கே தளமெங்கும் கல்லறைக் கற்கள். லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் என்று விதவிதமான எழுத்துகள். பெரும்பாலான கற்களுக்கு அடியில் யாரும் இல்லை! அன்றைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அங்கிருந்த உயர்ந்த கல்லறைகளின் பின்னால் பதுங்கித் தாக்கியது. போர் முடிந்ததும் ஆங்கிலேயர் அவற்றை இடித்துவிட்டு, பெயர் பொறித்த கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். 1652ஆம் ஆண்டுக் கல் ஒன்று தேவாலயத்துக்கே மூத்தது.

வெயில் சாய்ந்த வேளையே படிக்கத் தோது. தேய்ந்த எழுத்திலும் நிழல் விழும். குந்தி உட்கார்ந்து ஒரு பெயரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மனசு நிறைந்துவிடும். போகிறவர்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். கோட்டை வாசலில் கேட்பார்கள்.